ஐந்நூறில் முடியும் கணக்கு

2004-இன் கடைசி மாதங்களில் எங்கள் சிஸ்டம்ஸ் பிரிவுக்கு ஒரு வேலை வந்தது. சென்னைத் தலைமை அலுவலகம், ஓசூர் தொழிற்சாலை, கோவை, மதுரைக் கிளைகள் என்று நான்கு இடங்களிலும் சேர்த்து நானூறுக்குக் கொஞ்சம் குறைவான கணினிகள். அவை ஒவ்வொன்றிலும் இருக்கும் நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். தணிக்கைக்கு வந்தவர்கள் எழுதிக் கொடுத்த குறைகளில் அதுதான் முதலாவது. கேட்கிறவர்களுக்கு அரை நாள் வேலை போலத் தோன்றும். அன்று அதை நாங்கள் செய்து முடித்த விதமும், இன்று அதே வேலை நடக்கும் விதமும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். அலுவலகங்களில் ஊழியர்கள் லாகின் செய்வது பெரும்பாலும் சர்வரில் இருக்கும் கணக்கைக் கொண்டு. டொமைன் கணக்கு என்போம். அது போக, விண்டோஸ் 2000 ஆனாலும் எக்ஸ்பி ஆனாலும், ஒவ்வொரு கணினியிலும் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே சொந்தமான நிர்வாகிக் கணக்கு ஒன்று உண்டு. விண்டோஸை நிறுவும்போதே அதுவும் உருவாகிவிடும். நெட்வொர்க் அட்டை கெட்டுப்போனாலும், கணினிக்கும் சர்வருக்கும் இடையிலான நம்பிக்கை உறவு அறுந்து டொமைன் கணக்கு எதையும் ஏற்க மறுத்தாலும், உள்ளே போக மிச்சம் இருக்கும் வழி அது. அந்தக் கணக்கால் முடியாதது அந்தக் கணினியில் அநேகமாக எதுவும் இல்லை.

அப்படிப்பட்ட கணக்கின் பாஸ்வேர்ட் எங்களிடம் எப்படி இருந்தது? சர்வர் அறைக்குள் நுழைந்ததும் இடதுபக்கம் இருந்த வெள்ளைப் பலகையின் மூலையில் எழுதியிருந்தது. கிளைக்காரர்களுக்குப் போனில் எழுத்து எழுத்தாகச் சொல்லப்பட்டிருந்தது. பிரிண்டர் பழுது பார்க்க வருகிறவருக்கும் தெரியும், வேலையை விட்டுப் போனவர்களுக்கும் தெரியும். தணிக்கைக்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் பிரிவின் மூத்தவரை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை அழைத்துச் சொன்னார்: "தம்பி, ஒவ்வொரு மெஷினாப் போய் உக்காந்தா பொங்கல் வந்துடும். ஸ்கிரிப்ட் எழுதிடு. ராத்திரியோட ராத்திரியா எல்லாத்தையும் மாத்திடலாம்."

சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைத்த பிஎஸ்எக்ஸெக் என்ற சின்ன நிரல் அப்போது எங்களைப் போன்றவர்களின் வலது கை. ஓர் இடத்தில் உட்கார்ந்தபடி தொலைவில் இருக்கும் கணினியில் கட்டளையை ஓடவிடும். கணினிப் பெயர்களை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் போய் 'நெட் யூசர்' கட்டளையால் அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்டை மாற்று என்று ஒரு பேட்ச் கோப்பு தயார் செய்தேன். ஓடியது. பாதிக்குப் பாதி கணினிகளிலிருந்து ஒரே பதில்: பயனர் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பிழை எண் 2221.

அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயரில் அந்தக் கணினிகளில் யாருமே இல்லை. பிறகு விசாரிக்கத் தொடங்கினோம். அந்த விசாரணையில்தான் எங்கள் நிறுவனத்தின் பத்தாண்டு வரலாறு வெளியே வந்தது.

கோவைக் கிளைக்குப் போன் செய்தபோது அங்கிருந்தவர் நிதானமாகச் சொன்னார்: "சார், அந்தப் பேர்ல இருந்தா வைரஸ் ஈசியா வந்துருமுன்னு படிச்சோமுங்க. அதனால பேரையே மாத்திப் போட்டோமுங்க." அவர் செய்தது தவறே இல்லை. நிர்வாகிக் கணக்கின் பெயரை மாற்றுங்கள் என்பது அந்தக் காலப் பாதுகாப்புக் கையேடுகள் எல்லாவற்றிலும் இருந்த அறிவுரை. விண்டோஸின் குழுக் கொள்கையிலேயே அதற்கென்று தனி வரி உண்டு. கோவையில் மாற்றிய பெயர் ஒன்று. மதுரையில் தனியாக யோசித்து வேறொன்று வைத்திருந்தார்கள். தலைமை அலுவலகத்தில் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினிகளில், விண்டோஸ் போட்டுக் கொடுத்த கடைக்காரர் தன் வழக்கப்படி ஒரு பெயர் வைத்துக் கொடுத்திருந்தார். ஓசூர் தொழிற்சாலைக்கு இயந்திரங்களோடு பிரான்சிலிருந்து வந்து இறங்கிய கணினிகளில் விண்டோஸே பிரெஞ்சு. அவற்றில் இருந்தது அட்மினிஸ்ட்ரேட்டர் இல்லை, அட்மினிஸ்ட்ரதேர். பிரெஞ்சு என்றில்லை, பல மொழிப் பதிப்புகளிலும் விண்டோஸ் இந்தக் கணக்கின் பெயரை மொழிபெயர்த்தே வைத்தது. ஹங்கேரியப் பதிப்பில் ரெண்ட்ஸெர்கஸ்டா. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ரஷ்யாவிலும் வேறு வேறு பெயர்கள். கட்டளையில் ஆங்கிலப் பெயரை எழுதிவிட்டு உலகம் முழுவதும் ஓடும் என்று நம்பியவர்கள் எல்லா நாட்டிலும் இந்த 2221-ஐப் பார்த்திருப்பார்கள்.

பிழை வந்த கணினிகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பிழை என்று தெரிந்தால் திருத்திவிடலாம். 'கட்டளை வெற்றிகரமாக முடிந்தது' என்று பதில் வந்த கணினிகள் சிலவற்றில் இருந்ததுதான் உண்மையான ஆபத்து. கோவைக்காரர்கள் படித்த கட்டுரையில் இன்னொரு அறிவுரையும் இருந்திருக்கிறது. உண்மையான கணக்கின் பெயரை மாற்றிய பிறகு, அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற அதே பெயரில் எந்த அதிகாரமும் இல்லாத பொம்மைக் கணக்கு ஒன்றை உருவாக்கி வையுங்கள்; திருடன் வந்தால் அதோடு மல்லுக்கட்டட்டும். பலரும் அன்று பின்பற்றிய முறை அது. எங்கள் ஸ்கிரிப்ட் அந்தப் பொம்மையின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வெற்றி என்று எழுதிக்கொண்டது. வெள்ளைப் பலகையில் இருந்த பழைய பாஸ்வேர்டோ உண்மையான கணக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தது. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் எங்கே போய் முடியும் என்பதை எனக்கு முழுதாக உணர்த்தியது அந்த வெற்றிச் செய்திதான்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். இந்தப் பெயர் இருக்கிறதா பார், இல்லாவிட்டால் அந்தப் பெயர், அதுவும் இல்லாவிட்டால் அடுத்த பெயர் என்று நீண்டுகொண்டே போகும் நிபந்தனைகள். ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு புதுப் பெயரைச் சொல்லச் சொல்ல ஸ்கிரிப்ட் கீழே கீழே வளர்ந்தது. தெரிந்த பெயர்களுக்கு மட்டுமே அது பதில் சொல்லும். யாரோ ஒருவர், என்றோ ஒருநாள், யாரிடமும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போன பெயரை அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

விடை விண்டோஸுக்குள்ளேயே இருந்தது. நாம் பார்க்கும் பெயரை விண்டோஸ் பெரிதாக மதிப்பதே கிடையாது. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பாதுகாப்பு அடையாள எண் உண்டு. எங்கள் பேச்சில் அது சிட். எஸ்-1-5-21 என்று தொடங்கும், நடுவில் அந்தக் கணினிக்கே உரிய மூன்று நீண்ட எண்கள், கடைசியில் அந்தக் கணக்கின் சொந்த எண். விண்டோஸோடு பிறக்கும் நிர்வாகிக் கணக்குக்கு அந்தக் கடைசி எண் எப்போதும் 500. கெஸ்ட் கணக்குக்கு 501. நாமாக உருவாக்கும் கணக்குகள் ஆயிரத்திலிருந்து தொடங்கும். பெயரை எத்தனை முறை மாற்றினாலும், எந்த மொழியில் வைத்தாலும் 500 மாறாது. பொம்மைக் கணக்கை அட்மினிஸ்ட்ரேட்டர் என்று அழைக்கலாம். 500-ஐ அதற்குக் கொடுக்க முடியாது. நிர்வாகிகள் குழுவுக்கும் இப்படி ஒரு மாறாத அடையாளம் உண்டு, எஸ்-1-5-32-544. பிரெஞ்சுக் கணினிகளில் குழுவின் பெயரும் மாறியிருந்ததால் அதுவும் எங்களுக்குத் தேவைப்பட்டது.

இந்தத் தந்திரம் எங்களுக்கு முன்பே ஊடுருவுகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். பெயரைக் கொடுத்தால் எண்ணையும், எண்ணைக் கொடுத்தால் பெயரையும் சொல்லும் சிறு கருவிகள் 1998 வாக்கிலேயே புழக்கத்தில் இருந்தன. 500-க்கு உரியவர் யார் என்று கேட்டால், மாற்றி வைத்த பெயரைக் கணினியே சொல்லிவிடும். அதாவது பெயர் மாற்றம் வெளியாளை அதிகம் தடுக்கவில்லை. எங்களைப் போன்ற உள்ளூர் ஆட்களைத்தான் அலைய வைத்தது.

பேட்ச் கோப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு விபிஸ்கிரிப்டில் புதிதாக எழுதினேன். விண்டோஸிலேயே இருக்கும் டபிள்யூஎம்ஐ என்ற நிர்வாக வசதி வழியாக ஒவ்வொரு கணினியிடமும் ஒரே கேள்வி: உன்னிடம் உள்ள கணக்குகளில் எதன் அடையாளம் 500-இல் முடிகிறது? வருகிற பெயரை வாங்கிக்கொண்டு, அந்தப் பெயருக்கு உரிய பாஸ்வேர்டை மாற்று. மையக் கருத்து நான்கைந்து வரிகளுக்குள் முடிந்துவிட்டது. அதைச் சுற்றி வேண்டியிருந்த காவல்தான் பெரிது. உள்ளூர்க் கணக்குகளை மட்டும் பார் என்ற நிபந்தனையை விட்டுவிட்டால், கேள்வி டொமைன் முழுவதிலும் உள்ள கணக்குகளைத் தேடப் போய்விடும்; கிளைகளுக்கு இருந்த மெதுவான இணைப்பில் அது எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் பட்டியலில் தவறியும் இருக்கக்கூடாது. அவற்றில் உள்ளூர்க் கணக்கு என்ற ஒன்றே கிடையாது. 500 என்று கேட்டால் கிடைப்பது டொமைன் முழுவதையும் ஆளும் நிர்வாகி. அதன் பாஸ்வேர்ட் நடு இரவில் மாறினால் விடிந்ததும் எத்தனை சேவைகள் நிற்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்கும். எழுதியதைப் பலமுறை படித்துப் பார்த்து, அந்த சர்வர்களை நிரலே மறுக்கும்படி வைத்த பிறகுதான் ஓடவிட அண்ணா சம்மதித்தார்.

அந்த வருடம் ஆகஸ்டில்தான் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிளாஸ்டர் புழு உலகத்தையே ஆட்டிவைத்ததன் பின்விளைவு அது. அதைப் போட்டதும் ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியது, தொலைவிலிருந்து டபிள்யூஎம்ஐ கேட்கும் கேள்விகளையும் வாசலிலேயே நிறுத்தியது. ஆர்பிசி சர்வர் கிடைக்கவில்லை என்ற பிழை எந்தக் கணினியிலிருந்து வருகிறதோ அங்கே சர்வீஸ் பேக் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல விஷயம்தான். ஆனால் தொலைநிர்வாகத்துக்கு விலக்குக் கொடுக்கும் கொள்கையை முதலில் பரப்பிவிட்டுத்தான் எங்கள் வேலையைத் தொடர முடிந்தது.

மாலையில் வீட்டுக்குப் போகும்போது சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் ஊர் அலுவலகங்களின் நல்ல பழக்கம். இரவில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு அணைந்த கணினி பதில் சொல்லாது. அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போய், "மேடம், இன்னிக்கு ஒருநாள் மட்டும் சிஸ்டத்தை ஆன்லயே விட்டுட்டுப் போங்க, மானிட்டரை மட்டும் அணைச்சாப் போதும்" என்று மேசை மேசையாகச் சொன்னோம். கணினி துவங்கும்போதே தானாக மாற்றும்படி துவக்க ஸ்கிரிப்டாக வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். வைக்கலாம்தான். ஆனால் அந்த ஸ்கிரிப்ட் சர்வரின் பொதுப் பங்கில் இருக்கும், டொமைனில் கணக்கு உள்ள எவரும் திறந்து உள்ளே எழுதியிருக்கும் பாஸ்வேர்டைப் படிக்கலாம். அண்ணா அதற்கு ஒப்பவே இல்லை.

எக்செல் பட்டியலில் முடிந்த வரிகளுக்குப் பச்சை நிறம் கொடுத்துக்கொண்டே வந்தோம். ஒவ்வொரு வரியிலும் கணினியின் பெயருக்குப் பக்கத்தில், 500-க்கு அங்கே வைத்திருந்த பெயர். இன்று அந்தப் பட்டியல் கையில் இருந்தால் அதை ஓர் ஆவணமாகவே பாதுகாப்பேன். எந்தக் கணினியை எந்தக் கடையில் வாங்கினார்கள், எந்தக் கிளை எந்தக் கட்டுரையைப் படித்தது, எந்த இன்ஜினியர் போகும்போது தன் மகளின் பெயரை வைத்துவிட்டுப் போனார் என்பதெல்லாம் அந்த ஒரு பத்தியில் தெரிந்தது. ஒருநாள் எல்லா வரிகளும் பச்சையாயின. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே புதிய பாஸ்வேர்ட். தணிக்கைக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணா எல்லோருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். அந்தக் காலத்துக்கு அது நல்ல வேலை, இன்றும் அப்படித்தான் சொல்வேன். தொழில் முழுவதுமே அன்று அதைத்தான் லட்சியமாக வைத்திருந்தது.

எல்லாம் ஒன்றாக இருப்பதில் என்ன இருந்தது என்பது அடுத்த ஆண்டுகளில் தெரிந்தது. இரண்டு வழிகளில் தெரிந்தது. இரண்டாவதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸ் பாஸ்வேர்டை அப்படியே வைப்பதில்லை, ஒரு கணக்கீட்டில் அரைத்து வரும் எண்ணாக வைக்கிறது. அதில் கணினிக்குக் கணினி வேறுபடுத்தும் எதையும் அது சேர்ப்பதில்லை. ஆகவே நானூறு கணினிகளில் ஒரே பாஸ்வேர்ட் என்றால் நானூறிலும் ஒரே எண். ஒரு கணினியில் அந்த எண்ணைத் திருடியவருக்கு மூல பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. எண்ணையே நீட்டி மற்ற எல்லாவற்றுக்குள்ளும் போகலாம். இந்த முறையை 1997-லேயே பால் ஆஷ்டன் என்பவர் வெளிப்படையாகக் காட்டிவிட்டார். ஒரு தெருவில் எல்லா வீட்டுப் பூட்டுக்கும் ஒரே சாவி செய்துவைத்தது போன்ற நிலை. 2011-இல் பெஞ்சமின் டெல்பி வெளியிட்ட மிமிகாட்ஸ், நினைவகத்திலிருந்து பாஸ்வேர்டுகளையும் இந்த எண்களையும் எடுப்பதை யாருக்கும் எளிதாக்கியது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் உக்ரைனிலிருந்து உலகெங்கும் பரவியபோது, நெட்வொர்க்குக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ அது கையாண்ட வழிகளில் இரண்டு, பிஎஸ்எக்ஸெக்கும் டபிள்யூஎம்ஐயும். நாங்கள் இரவுகளில் உட்கார்ந்து பயன்படுத்திய அதே இரண்டு கருவிகள். செய்தியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இரண்டாவது, ஒரு பையனைப் பற்றியது.

எல்லா வரிகளும் பச்சையான சில காலத்துக்குப் பிறகு, ஊதிய உயர்வு எழுதியிருந்த கோப்பு ஒன்று மனிதவளப் பிரிவுக் கணினியிலிருந்து வெளியே போய்விட்டது. யார் யாருக்கு எவ்வளவு என்பது காண்டீன் வரைக்கும் பேச்சு. அந்தக் கணினியைத் திறந்து பார்த்தோம். உள்ளூர் நிர்வாகிக் கணக்கின் பெயரில் புதிதாக ஒரு பயனர் கோப்புறை உருவாகியிருந்தது. அந்தக் கணக்கில் ஒருவர் முதல்முறையாக லாகின் செய்தால்தான் அப்படி உருவாகும். சமீபத்தில் திறந்தவை என்ற பட்டியலில் அந்தக் கோப்புக்கு ஒரு குறுக்குவழியும் இருந்தது. அதாவது யாரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நாங்கள் அரும்பாடுபட்டு ஒன்றாக்கிய அந்தப் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போயிருக்கிறார்கள். யார்? பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் நான்கு ஊர்களிலும் இருந்தார்கள். விண்டோஸிடம் கேட்டால் அது ஒரே பதிலைத்தான் சொல்லும்: 500.

அந்த வாரம் அந்தப் பிரிவுக்குப் பிரிண்டர் வேலையாகப் போயிருந்தவன், ஒப்பந்தத்தில் எங்களிடம் வந்திருந்த டிப்ளமோ படித்த பையன் ஒருவன். சந்தேகம் நேராக அவன்மேல் போய் நின்றது. என்னிடம் வந்து சொன்னான்: "அண்ணா, நான் டிரைவர் போடத்தான் போனேன். மேடம் பக்கத்துலயே இருந்தாங்க. வேலை முடிஞ்சதும் வந்துட்டேன்." நான் அவனை நம்பினேன், அண்ணாவும் நம்பினார். எங்கள் நம்பிக்கையைத் தவிர அவன் பக்கத்தில் வைக்க வேறெதுவும் இல்லை. அவன் செய்தான் என்பதற்கு ஆதாரம் இல்லாதது போலவே செய்யவில்லை என்பதற்கும் இல்லை. நிரந்தர ஊழியர்கள் யாரிடமும் இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று அவனை அனுப்பிய நிறுவனத்துக்குக் கடிதம் போனது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் எல்லோரிடமும் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனான்.

பகிர்ந்த பாஸ்வேர்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் திருடனைப் பிடிக்க முடியாமல் போவதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வரும். பத்துப் பேருக்குத் தெரிந்த ஒரு பாஸ்வேர்ட், குற்றம் செய்யாத ஒன்பது பேரிடமிருந்தும் தான் செய்யவில்லை என்று நிரூபிக்கும் வழியைப் பறித்துவிடுகிறது. அந்த ஒன்பது பேரில் யாருக்குக் கீழே தரை பலவீனமாக இருக்கிறதோ அவர் விழுகிறார்.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 2008-இல் சர்வரின் புதிய பதிப்போடு குழுக் கொள்கை விருப்பங்கள் என்ற வசதி வந்தது. உள்ளூர்க் கணக்கைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 'உள்ளமைந்த நிர்வாகி' என்று ஒரு வரி. அதைத் தேர்ந்தெடுத்தால் பெயர் எதுவானாலும் விண்டோஸே சரியான கணக்கைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் தேடி அலைந்தது ஒரு சொடுக்காகிவிட்டது. ஆனால் அதில் கொடுத்த பாஸ்வேர்ட் டொமைனில் எல்லோரும் படிக்கக்கூடிய ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் போய் உட்கார்ந்தது. மறையாக்கம் உண்டு, அதை அவிழ்க்கும் சாவியை மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் அச்சிட்டிருந்தது. 2014 மே மாதத்தில் ஒரு திருத்தம் வந்து அந்த வழியை அடைத்தது. ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த கோப்புகளை அது அழிக்கவில்லை, அவரவரே தேடி அழிக்க வேண்டியிருந்தது. துவக்க ஸ்கிரிப்டில் பாஸ்வேர்ட் எழுதக்கூடாது என்று அண்ணா அன்று பிடிவாதம் பிடித்ததன் அருமை அப்போது இன்னும் நன்றாகப் புரிந்தது.

2015 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் லாப்ஸ் என்ற கருவியை இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு கணினியும் தன் நிர்வாகிக் கணக்குக்குத் தானே ஒரு பாஸ்வேர்டை உருவாக்கிக்கொண்டு, அதை டொமைனின் மையப் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் தன் பெயருக்கு எதிரே எழுதி வைக்கும். இயல்பு நிலையில் பதினான்கு எழுத்து, முப்பது நாளுக்கு ஒருமுறை மாற்றம். எந்த இரண்டு கணினிக்கும் ஒரே பாஸ்வேர்ட் இருக்காது. 2023 ஏப்ரலில் அது விண்டோஸுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. ஒருவர் அந்தப் பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால் குறிப்பிட்ட நேரம் கழித்து, சாதாரணமாக இருபத்துநான்கு மணி நேரத்தில், அது தானாகவே மாறிவிடும்.

நான் இப்போது இருக்கும் இடத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். ஓர் அலுவலகத்தின் 'அட்மின் பாஸ்வேர்ட்' என்று ஒன்றை அவள் தன் வாழ்நாளில் மனப்பாடம் செய்ததே இல்லை. கணினி டொமைனை விட்டு அறுந்துவிட்டால் டைரக்டரியில் தேடுகிறாள், கிடைத்ததைப் போடுகிறாள், வேலையை முடிக்கிறாள், அத்தோடு மறந்துவிடுகிறாள். வெள்ளைப் பலகைக் கதையைச் சொன்னபோது, "சார், அப்ப யார் எதுக்குப் பயன்படுத்தினாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். முதல் கேள்வியே அதுதான். அவள் தலைமுறைக்கு அது இயல்பாக வருகிறது என்பதில் எனக்கு நிறைந்த சந்தோஷம்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போடு லாப்ஸுக்கு இன்னொரு வசதியும் வந்தது. நிர்வாகிக் கணக்கை லாப்ஸே உருவாக்கிப் பராமரிக்கும். விரும்பினால் பாஸ்வேர்ட் மாறும் ஒவ்வொரு முறையும் கணக்கின் பெயரின் பின்னால் புதிய எண்களைச் சேர்த்துப் பெயரையும் மாற்றிவிடும். கணினிக்குக் கணினி வேறு பெயர், மாதத்துக்கு மாதம் வேறு பெயர். 2004-இல் எந்தக் குழப்பத்தை ஒழிக்க ராத்திரிகளைக் கொடுத்தோமோ, அதையே இன்று ஒரு கொள்கை வரியில் விரும்பி வாங்கிக்கொள்ளலாம். அன்றைய வேறுபாட்டை யாரும் திட்டமிடவில்லை, யாரிடமும் கணக்கும் இல்லை. இன்றைய வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் டைரக்டரியில் பதிவு இருக்கிறது. வேறு புதிய கணக்கைப் பராமரிக்கும்படி லாப்ஸிடம் சொல்லியிருந்தால், அதன் அடையாளம் 500-இல் முடியாது. 500 பக்கத்தில் முடக்கப்பட்டுக் கிடக்கும். என் பழைய கேள்வி அந்தக் கணினியில் சரியான பதிலைப் பெற்றும் பயன் இல்லாமல் திரும்பும். விபிஸ்கிரிப்டையே 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது.

ஆனாலும் 500-ஐ மறந்துவிடலாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பலமுறை தவறான பாஸ்வேர்ட் போட்டால் கணக்குப் பூட்டிக்கொள்ளும் விதி அந்தக் கணக்குக்கு மட்டும் வெகுகாலம் பொருந்தாமலே இருந்தது. 2022 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகுதான் அதையும் பூட்டும் கொள்கை கிடைத்தது. நம் ஊரில் எத்தனையோ பள்ளிகள், மருத்துவமனைகள், ஆடிட்டர் அலுவலகங்கள் இன்னும் ஒரே பாஸ்வேர்டில் ஓடுகின்றன. கூப்பிட்டால் நான் போகிறேன். முதலில் கேட்பது பழைய கேள்வியைத்தான், பவர்ஷெல்லில் ஒரே வரியில்: இங்கே 500 யார், உயிரோடு இருக்கிறதா, கடைசியாக எப்போது பாஸ்வேர்ட் மாறியது? பதிலைப் பார்த்தால் அந்த இடத்தின் கதை பாதி தெரிந்துவிடும். ஆக்டிவ் டைரக்டரி இருக்கிற இடத்தில் லாப்ஸுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியம்.

பெயரையும் மாற்றவிடலாமா என்று அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் சென்ற மாதம் ஒரு விவாதம். போனில் கிளைக்காரருக்கு எண்கள் ஒட்டிய பெயரையும் நீளமான பாஸ்வேர்டையும் சேர்த்துச் சொல்வது சிரமம் என்றேன். "பாஸ்வேர்டுக்குப் பதிலா சொற்களாக் கொடுக்கிற வசதியும் அதே பதிப்புல வந்திருக்கு சார், படிச்சுச் சொல்ல ஈசி" என்றாள். லேப்டாப்களில் மட்டும் முதலில் போட்டுப் பார்க்கிறோம்.

அதோடு அவள் எழுதிக் கொண்டுவந்த இன்னொரு விதியில் நான் உடனே கையெழுத்துப் போட்டேன். டைரக்டரியில் ஒரு கணினியின் பாஸ்வேர்டை யார் எடுத்துப் பார்த்தாலும் சர்வரில் 4662 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும்படி தணிக்கையை இயக்க வேண்டும். பார்த்தவரின் பெயர், நேரம், எந்தக் கணினி, எல்லாம் அதில் இருக்கும். ஒப்பந்தத்தில் வருகிறவர்களுக்கும் தனித்தனி கணக்கு. அந்தப் பதிவில் தன்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டால், அவர்களுக்கும் காட்ட வேண்டும்.